கோழியை ராக்கெட்டில் அனுப்பிய கல்கத்தாக்காரர்: யார் இந்த ஸ்டீஃபன் ஸ்மித்?

லீவு நாள் சாயங்காலம். நாவலூரில் ஒரு அபார்ட்மென்ட் மொட்டைமாடி. பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து ராக்கெட் விடுகிறார்கள் பசங்க. முதல் ராக்கெட் நேராகப் போகாது, பக்கத்து பிளாக் பால்கனிக்குத்தான் போகும். காரணம் சிம்பிள். ராக்கெட்டின் வால் இறக்கைகள் வேலை செய்ய காற்று வேகமாக அவற்றைக் கடக்க வேண்டும். கிளம்பும் நொடியில் அந்த வேகம் இருக்காது. அதுவரை ராக்கெட்டைப் பிடித்து நேராக வழிநடத்தத்தான் கம்பியோ, தண்டவாளம் மாதிரி ஒரு சட்டமோ, சின்ன கோபுரமோ தேவைப்படுகிறது.

இந்தத் தலைவலியோடு சுமார் 10 ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். இஸ்ரோவுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி.

ஸ்டீஃபன் ஸ்மித் பிறந்தது 1891இல், ஷில்லாங்கில். படித்தது அசன்சோலில். பள்ளி நாட்களிலேயே வாண வேடிக்கை ராக்கெட்டில் செத்த பல்லியை வைத்து விட்டுப் பார்த்தவர் என்கிறார்கள். பிறகு கல்கத்தாவில் சுங்கத் துறை, போலீஸ் வேலை, பல் மருத்துவம் என்று பல பிழைப்பு. மனசு மட்டும் தபால்தலைகளிலும் விமானத் தபாலிலும் இருந்தது. 1911இல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் போனது அந்தத் தலைமுறையையே கிறுகிறுக்க வைத்த சம்பவம். 1931இல் ஆஸ்திரியாவில் ஷ்மீடல் என்பவர் ராக்கெட்டிலேயே தபால் அனுப்பிக் காட்டினார். நாமும் செய்யலாமே என்று ஸ்மித் இறங்கிவிட்டார்.

1934 செப்டம்பர் 30. கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி முதல் ராக்கெட். உள்ளே 143 கடிதங்கள். ஆடும் கப்பலிலிருந்து குறிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ராக்கெட் நடுவானில் வெடித்து கடிதங்கள் சிதறின. பெரும்பாலானவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். வேறு யாராவது என்றால் அத்தோடு கடையை மூடியிருப்பார்கள்.

அடுத்த ஆண்டே சிக்கிம் போனார். மலையும் ஆறும் குறுக்கே நிற்கிற ஊர்களுக்கு இது உதவும் என்று மன்னர் டாஷி நம்கியாலுக்கும் ஆர்வம். ராணி கோலா ஆற்றைத் தாண்டி ராக்கெட்டில் பார்சலே போனது. டீத்தூள், சர்க்கரை மாதிரியான சாமான்கள். குவெட்டா நிலநடுக்கம் நடந்ததும் அந்த ஆண்டுதான். அதன் பிறகு வங்காளத்தில் ரூப்நாராயண் ஆற்றின் குறுக்கே அரிசி, தானியம் வைத்து ராக்கெட் விட்டுக் காட்டினார். பாதை துண்டிக்கப்பட்ட இடத்துக்குச் சாப்பாடு அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசாக இருக்காது. அன்று சென்னையில் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டன. 1935இல் அந்த வசதி ஏது?

சரி, கோழி விஷயம். 1935 ஜூன் 29 அன்று தாமோதர் ஆற்றைத் தாண்டிய ராக்கெட்டில் ஒரு சேவலும் ஒரு பெட்டைக் கோழியும் பயணித்தன. பெயர் ஆதாம், ஏவாள். இரண்டுமே உயிரோடு தரையிறங்கின. கல்கத்தாவில் சர் டேவிட் எஸ்ரா வைத்திருந்த தனியார் விலங்குத் தோட்டத்தில் அவற்றுக்கு மிச்ச காலம் கழிந்தது. பாம்பு ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். இன்று செய்தால் கேஸ் ஆகிவிடும்!

1934 முதல் 1944 வரை சுமார் 270 ராக்கெட்டுகளை ஏவினார். அவற்றில் குறைந்தது 80 தபால் சுமந்தவை. தபால் துறையின் அன்றாட சேவையாக இது மாறவே இல்லை. குறி துல்லியம் இல்லை, தூரமும் குறைவு. விமானம் வேறு வேகமாக வளர்ந்துவிட்டது. என் கணிப்பில் ஸ்மித்தைத் தோற்கடித்தது விமானம்தான், வெடித்த ராக்கெட்டுகள் அல்ல.

1951இல் கல்கத்தாவில் இறந்தார். 1992இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் ராக்கெட்டில் பறந்த உறைகளை, ஓரம் கருகியவை உட்பட, உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.