மானிப்பாய்க் கிறீனும் நோயாளியின் மொழியும்

மருத்துவ விஞ்ஞானம் எத்தனை உயரத்தை எட்டினாலும், அது நோயாளிக்கு விளங்கும் சொல்லாக மாறாதவரை பாதிச் சிகிச்சையாகவே நின்றுவிடுகின்றது. புற்றுநோய்ச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த உண்மை மேலும் கூர்மையாக உறைக்கின்றது. தென் முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்தின் மூலம் இன, மத பேதமின்றித் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் அமைக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தபோது மகரகமைக்குச் செல்ல வழியின்றித் தவித்த குடும்பங்களின் துயரை அறிந்தவர்கள் அந்தக் கட்டடத்தின் பெறுமதியை உணர்வர். ஆயினும், கட்டடமும் கருவியும் வந்துவிட்டால் மட்டும் போதுமா என்ற வினாவை நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூளையில் அரிதாகத் தோன்றும் சில கட்டிகள், சத்திரசிகிச்சையால் முழுமையாக அகற்ற முடியாத ஆழமான இடங்களில் அமைந்துவிடுகின்றன. அவ்வேளைகளில், அரிசிமணியிலும் சிறிய உலோகக் குழாய்களுள் கதிரியக்க அயடினை அடைத்து, கபாலத்தில் சிறு துவாரமிட்டு, கட்டியின் உள்ளேயே பதித்துவிடும் முறையொன்று உலகின் சில பெரிய நிலையங்களில் கையாளப்பட்டு வருகின்றது. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்த பின்னர், அதனை ஊசிகளில் அடைத்துக் கட்டிகளுள் செருகிய பழைய முறையின் வளர்ச்சியே இதுவாகும். கதிரின் வலிமை தூரம் கூடக்கூட விரைந்து குறைந்துவிடும். எனவே கட்டி அதிக கதிரைப் பெறுகின்றது. சுற்றியுள்ள நல்ல மூளை பெருமளவு தப்பிக்கொள்கின்றது. அயடின் 125 எனப்படும் அந்தப் பொருள் ஏறத்தாழ 60 நாட்களில் தன் வீரியத்தில் பாதியை இழந்துவிடும். எல்லாக் கட்டிகளுக்கும் இது பொருந்தாது என்பதும், சில கொடிய கட்டிகளில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்பதும் ஆய்வுகளால் அறியப்பட்டவையே.

இவ்வளவையும் நாம் தமிழில் எழுதிவிட்டோம். ஆனால் தலைக்குள் கதிரை வைப்பதற்குச் சம்மதம் கேட்டு ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்று நீட்டப்படும்போது, தோட்டத்திலிருந்தோ கடலிலிருந்தோ வந்த ஒரு தந்தை என்ன செய்வார்? தலையை அசைத்துவிட்டு ஒப்பமிடுவார். அந்தத் தலையசைப்பை நாம் சம்மதம் என்று கொள்ளலாமா? இந்த வினாவை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாயிலிருந்து எழுப்பி, அதற்கு விடையாகத் தமது வாழ்நாளையே வழங்கிச் சென்றவர் ஓர் அமெரிக்க வைத்தியர். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரின் கிறீன் ஹில் என்னும் குடும்ப இல்லத்தில் பிறந்தார். நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலேயே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சமயத்தால் எதிரெதிர் அணிகளில் நின்ற அவ்விருவரும், தமிழ் உரைநடையை அறிவின் கருவியாக்கியதில் ஒரே காலத்தின் பிள்ளைகளாக விளங்கினர். கிறீனின் தமையனார் அன்று ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்று, அம்மாநகரின் இன்றைய வடிவுக்கு வித்திட்டவர். அத்தகைய செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்த இளைஞர், 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றபின், வசதியான தொழிலை நாடாமல் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷன் அதற்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது. பண்டத்தரிப்பில் டாக்டர் ஜோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையில் டாக்டர் நேதன் வார்டும் மருத்துவப் பணியாற்றியிருந்தனர். அவர்கள் வழியில் வந்த கிறீன், 1848இல் மானிப்பாயைத் தமது நிலையமாக்கிக்கொண்டு, நோயாளரைப் பராமரித்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைப் போதிக்கவும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இலேயே நிறுவப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், மானிப்பாயில் நடந்தது எவ்வளவு முந்திய முயற்சி என்பது புலப்படும். வாந்திபேதி குடாநாட்டைச் சூறையாடிய காலம் அது. அவரும் அவரது மாணவர்களும் ஊர் ஊராகச் சென்று மருந்தளித்தனர். அவரிடம் பயின்று வைத்தியர்களாக வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டோராவர்.

தொடக்கத்தில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆனால் கிறீன் ஒரு குறையை விரைவில் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் குடாநாட்டை விட்டுச் செல்லத் தலைப்பட்டனர். எந்தக் கிராமத்துக்காகப் பயிற்றப்பட்டார்களோ அந்தக் கிராமம் மீண்டும் வைத்தியரற்றுப் போயிற்று. தாய்மொழியில் கற்றவனே தன் மக்களிடையே தங்குவான், அவர்களது நோயை அவர்களது சொல்லிலேயே கேட்பான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1864 முதல் மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கும் துணிகரமான செயலில் இறங்கினார்.

துணிகரம் என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இரண்டையும் அவரே ஆக்க வேண்டியிருந்தது. வந்தவுடனேயே தமிழைக் கற்கத் தொடங்கிய அவர், கல்வின் கட்டரின் உடற்கூற்று நூலை 1852இலேயே அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரில் தமிழாக்கியிருந்தார். 1857இல் பிரசவ வைத்தியமும், 1867இல் இரண வைத்தியமும் வெளிவந்தன. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிரேயின் உடற்கூற்றியல் நூல், மனுஷ அங்காதிபாதம் என 1872இல் தமிழில் உருப்பெற்றது. அதே ஆண்டில் வைத்தியாகரமும், 1875இல் இரசாயன நூலாகிய கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் தொடர்ந்தன. அவரது முயற்சியால் தமிழில் உருவான மருத்துவ நூல்களின் பக்கங்கள் 4,000க்கும் அதிகமாகும்.

இப்பெரும்பணியை அவர் தனியே செய்தாரல்லர். டன்வதர், சப்மன் முதலிய அவரது மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தனர். பெயரைக் கேட்டு அவர்களை அந்நியர் என எண்ணிவிடக் கூடாது. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே. கல்விச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரை மாணவருக்குச் சூட்டும் வழக்கம் அன்று மிஷனில் இருந்தது. கிறீனுக்கோ அந்தப் போக்கில் உடன்பாடு இருக்கவில்லை. தம் மாணவர் வேட்டியும் சால்வையும் அணிந்து, ஊரவரைப் போலவே உண்டு, உறங்கி வாழ வேண்டுமென அவர் விரும்பினார். உடையால் அந்நியனாகிவிட்ட வைத்தியனிடம் நோயாளி மனந்திறந்து பேசமாட்டான் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். பொருத்தமான சொல் தமிழில் உண்டா என்று முதலில் தேடினார். அது கிடைக்காதவிடத்துச் சமஸ்கிருதத்தை நாடினார். அதிலும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வடித்துக்கொண்டார். மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளாகவும் வழங்கினார். பின்னாளில் 1930களில் சுவாமி விபுலாநந்தர் தலைமையில் சென்னையிலும், 1950களில் அரசகரும மொழித் திணைக்களத்தின் வாயிலாக இலங்கையிலும் நடந்த கலைச்சொற் பணிகளுக்கெல்லாம் மூத்த முன்னோடியாக நிற்பது மானிப்பாயே.

இவ்விடத்தில் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு பரிச்சயமான ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில், கலெனின் கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அவர் ஆக்கிய அரபுச் சொற்களின் மீதே இப்னு சீனாவின் அல் கானூன் போன்ற மாபெரும் நூல்கள் எழுந்தன. பின்னர் அந்த அறிவு இலத்தீனுக்குச் சென்றது. இன்று மூளையை மூடியுள்ள உறைகளுக்கு மேலை மருத்துவம் வழங்கும் பெயரில் தாய் என்னும் பொருள்படும் சொல் இருக்கின்றதே, அது அரபு மருத்துவர்கள் இட்ட பெயரின் நேர்ப்பெயர்ப்பாகும். மூளைக்கட்டிக்குச் சிகிச்சையளிக்கும் எந்த நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணரும் அந்தப் பெயரை உச்சரியாமல் இருக்க முடியாது. அறிவுக்குச் சமயமும் எல்லையும் இல்லை; ஆனால் அது தங்குவதற்கு ஒரு மொழி வேண்டும். பக்தாதில் ஹுனைன் செய்ததையே மானிப்பாயில் கிறீன் செய்தார்.

இடையில் 1850களின் பிற்பகுதியில் தாயகம் சென்றிருந்த கிறீன், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அதே ஆண்டில் மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். உடல்நலக் குறைவால் 1873இல் இறுதியாக விடைபெற நேர்ந்தது. ஆனால் வூஸ்டரில் இருந்தபடியே, கடல் கடந்து வந்த பிரதிகளைத் திருத்தியும், புதியன பெயர்த்தும், மரணம் வரை தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி, தாம் பிறந்த கிறீன் ஹில் இல்லத்திலேயே காலமானார். தம் கல்லறையில் பட்டங்களையோ குடும்பப் பெருமையையோ பொறிக்க அவர் விரும்பவில்லை. தமிழருக்குரிய மருத்துவ ஊழியன் என்ற அடையாளமே அங்கு பொறிக்கப்பட்டது.

அவரைப் பற்றிப் பேசும்போது குறைகளையும் மறைத்தல் ஆகாது. அவர் வந்தது சமயம் பரப்பும் நோக்கத்துடனேயாகும். அந்த நோக்கத்தை அவர் ஒருபோதும் ஒளித்ததுமில்லை. அவரது நூல்களின் நடை வடசொல் மிகுந்தது. அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலான அவரது சொற்கள் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்வி நிலைபெற்றதும், அவர் சென்ற பின் மானிப்பாயின் தமிழ்வழி வகுப்புகளும் நிலைத்து நிற்கவில்லை. கவிஞர் அம்பி போன்றோர் தேடி எழுதியிராவிடில் எமது தலைமுறை அவரை அறிந்திருக்குமா என்பதே ஐயம். மானிப்பாயில் அவர் பெயரால் இன்றும் நிற்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவரை அறிவர்?

எனினும் சொற்கள் மறைந்தாலும் அவர் எழுப்பிய நியாயம் மறையவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியது. அங்கும் உலகத்தோடு ஒட்டி ஆங்கிலத்தில் கற்பதை நாம் குறை கூறவில்லை. நாள்தோறும் மாறும் விஞ்ஞானத்துக்கு அந்த வாயில் தேவையே. நாம் வேண்டுவது வேறு. ஆங்கிலத்தில் கற்ற அறிவு, நோயாளியின் கட்டிலருகே தமிழாக இறங்கிவர வேண்டும். என்ன நோய், என்ன செய்யப் போகின்றோம், எதனால், என்ன இடர் நேரலாம், செய்யாதுவிடின் என்னாகும் என்பவற்றை நோயாளரும் குடும்பத்தாரும் விளங்கிக்கொண்டு வினவும் வாய்ப்பைப் பெற வேண்டும். சம்மதத் தாள்கள் தெளிந்த தமிழில் அமைதல் வேண்டும். மருத்துவபீடமும் வைத்தியசாலைகளும் தமிழறிஞரும் ஒன்றிணைந்து, புற்றுநோய்க்கும் கதிர்ச்சிகிச்சைக்குமாவது எளிய கையேடுகளை ஆக்குதல் இயலாத காரியமன்று.

சைவருக்கும் கிறிஸ்தவருக்கும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் தம் மண்ணை நாடித் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும், அச்சமும் வலியும் சூழ்ந்த வேளையில் வாயில் வரும் மொழி ஒன்றே. அந்த மொழியில் அவர்களுக்கு விடையளிக்க வேண்டும் என்பதற்காகப் பிறநாட்டவர் ஒருவர் தமது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பை ஈந்தார். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த நாம், நோயாளி ஒருவரின் அருகில் அமர்ந்து விளக்கிக் கூறுவதற்கு அரைமணி நேரத்தையேனும் ஈயத் தயங்கலாமா?