வந்தவாசி போருக்கும் கச்சேரி மேடை வயலினுக்கும் என்ன தொடர்பு? முத்துசாமி தீட்சிதரின் கதை

வந்தவாசி என்றால் கோரைப்பாய். பக்கத்தில் ஆரணி என்றால் பட்டு. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் இன்னும் மறக்காதவர்களுக்கு வந்தவாசி என்றால் 1760 ஜனவரி 22. கோட்டையைத் திரும்பப் பிடிக்க வந்த லாலியின் பிரெஞ்சுப் படையை, அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை தோற்கடித்த நாள். அடுத்த வருஷமே புதுச்சேரியும் விழுந்தது. தென்னிந்தியாவில் இனி யார் கை ஓங்கும் என்பது அந்த வயல்வெளியில் முடிவானது.

சரி, இதற்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, அந்தப் போர் முடிந்து 15 வருஷம் கழித்து திருவாரூரில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர்தான் முத்துசாமி தீட்சிதர். தியாகராஜர், சியாமா சாஸ்திரி இருவரோடும் சேர்த்து சங்கீத மும்மூர்த்திகள் என்று சொல்கிறோமே, அதில் வயதில் இளையவர். மூன்று பேரும் பிறந்தது ஒரே ஊர் என்பது இன்னொரு ஆச்சரியம்.

வட ஆற்காட்டில் இருந்து கிளம்பிய குடும்பம்

தீட்சிதர் திருவாரூர்க்காரர்தான். ஆனால் குடும்பத்தின் வேர் இங்கே, பழைய வட ஆற்காட்டில். அப்பா ராமசாமி தீட்சிதரின் சொந்த ஊர் வேலூர் பக்கத்தில் உள்ள விரிஞ்சிபுரம். 1740களில் கர்நாடகப் பகுதி முழுக்க படையெடுப்புக் குழப்பம். ராமசாமி சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஊரைக் காலி செய்துவிட்டு காவிரிக்கரைப் பக்கம் போய்விட்டது. அந்த இடப்பெயர்ச்சி இல்லையென்றால் ராமசாமிக்கு தஞ்சை மண்ணின் சங்கீதம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். 72 மேளகர்த்தா திட்டத்தை வகுத்த வேங்கடமகியின் வழிவந்த வித்வானிடம் பாடம் கேட்டு, அவரே பெரிய சாகித்யகர்த்தா ஆனார். ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் இவர்தான். கச்சேரிகளில் முதல் பாட்டாக அடிக்கடி கேட்கிறோமே, 'வாதாபி கணபதிம்', அது அதே ராகத்தில் மகன் செய்தது. அப்பா கண்டுபிடித்த ராகம், மகனின் பாட்டால் பிரபலமாகிவிட்டது.

ராமசாமிக்கு நாற்பது வயது வரை குழந்தை இல்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு, 1775 பங்குனி கிருத்திகையில் மகன் பிறந்தான். அந்தக் கோயில் முருகனின் பெயரையே, அதாவது முத்துக்குமாரசாமியின் பெயரையே வைத்தார்கள். அப்புறம் சின்னசாமி, பாலுசாமி என இரண்டு தம்பிகள், ஒரு தங்கை.

கோட்டையில் கேட்ட பேண்டு

இனி வந்தவாசிக்கு வருவோம். அந்த வெற்றிக்குப் பிறகு சென்னை புனித ஜார்ஜ் கோட்டை வெறும் வியாபாரக் கிடங்காக இல்லாமல் அதிகார மையமாகிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்து, பேரம் பேசி, பணம் சேர்த்த துபாஷிகள் புதுப் பணக்காரர்கள் ஆனார்கள். ராஜாக்கள் மட்டுமே வித்வான்களை ஆதரித்த காலம் மாறி, துபாஷி வீட்டிலும் சங்கீதம் ஒலிக்க ஆரம்பித்தது.

அப்படி ஒருவர்தான் மணலி முத்துகிருஷ்ண முதலியார். திருவாரூருக்கு வந்த இடத்தில் ராமசாமி தீட்சிதரின் பாட்டில் மயங்கி, குடும்பத்தையே சென்னை பக்கத்து மணலிக்கு அழைத்து வந்துவிட்டார். அவருக்குப் பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். இவர் கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் சகோதரர்களையும் கூட்டிப் போவாராம். அங்கே அவர்கள் கேட்டது கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியம்.

இளம் தீட்சிதர் அந்த மெட்டுகளை எடுத்து, சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். சுமார் 40 பாட்டுகள். நோட்டுஸ்வரம் என்று பெயர். கமகம் இல்லாமல், சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், குழந்தைகள் கூட துள்ளிப் பாடும்படி இருக்கும். இதில் ஒரு வேடிக்கை, இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டும் இருக்கிறது. வார்த்தைகளில் மட்டும் அரசருக்குப் பதில் அம்பாள் வந்துவிட்டாள்!

தம்பி பாலுசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். பேண்டில் இருந்த பிடில் அவரை இழுத்துவிட்டது. முதலியார் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பிய ஆசிரியரிடம் சில வருஷம் முறையாகக் கற்று, பிறகு நம் ராகங்களை அதில் வாசித்துப் பார்த்தார். குரலைப் போலவே வளைந்து, குழைந்து, கூடவே வந்தது. தீட்சிதரின் சீடர் வடிவேலு அதே வழியில் போய், 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாமல் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை யோசித்துப் பார்க்க முடியுமா?

காசியும் கற்கண்டும்

மணலியில் வசதியாக இருந்த குடும்பத்துக்கு ஒரு நாள் சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். மூத்த பையனைத் தன்னோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். வேண்டி வேண்டிப் பெற்ற மகனை யார் அனுப்புவார்? பெற்றோர் தவித்தார்கள். கடைசியில் முதலியார் பேசிச் சம்மதிக்க வைத்தார் என்கிறார்கள். சில வருஷங்கள் காசியில் இருந்து ஸ்ரீவித்யை உபாசனை, வேதாந்தம் எல்லாம் கற்றார் தீட்சிதர். வட இந்திய சங்கீதத்தையும் காது நிறையக் கேட்டார். பின்னாளில் அவர் த்விஜாவந்தி, யமுனா கல்யாணி, ஹமீர் கல்யாணி போன்ற ராகங்களில் செய்த பாட்டுகளில் அந்த வாசனை நன்றாகவே தெரியும். அவசரம் இல்லாமல், யானை நடப்பது போல மெதுவாக நகரும் அவரது நடைக்கும் காசிதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

திரும்பி வந்தவர் திருத்தணிக்குப் போனார். அங்கே கண்மூடி உட்கார்ந்திருந்தபோது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், அந்த இனிப்போடு முதல் கீர்த்தனை பிறந்தது என்பது சீடர் பரம்பரை சொல்லும் கதை. மாயாமாளவகௌளையில் அமைந்த 'ஸ்ரீநாதாதி' அது. சங்கீதம் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலில் பாடும் ராகமும் அதுவே. அன்று முதல் அவர் பாட்டுகளில் குருகுஹ என்ற முத்திரை வந்துகொண்டே இருக்கும்.

பாட்டுக்குள் இலக்கணம்

தீட்சிதர் மற்ற இருவரிடமிருந்து எங்கே வேறுபடுகிறார்? தியாகராஜர் ராமனிடம் அழுதார், கோபித்துக்கொண்டார், கெஞ்சினார். தீட்சிதர் அப்படி இல்ல. அவர் ஒரு கோயிலுக்குப் போனால் அந்தத் தலத்தின் பெயர், தீர்த்தம், மூர்த்தியின் கோலம், ராகத்தின் பெயர் எல்லாவற்றையும் சிற்பி செதுக்குவது போல பாட்டுக்குள் வைத்துவிடுவார். கிட்டத்தட்ட ஒரு யாத்திரை வரைபடம். கொஞ்சம் விலகி நின்று பார்க்கும் பக்தி இது. முதல் தடவை கேட்டால் உடனே கண் கலங்காது. கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்.

பள்ளியில் எட்டு வேற்றுமைகள் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஐ, ஆல், கு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கி மறந்துவிட்டோம். சமஸ்கிருதத்திலும் வேற்றுமை எட்டு. தீட்சிதர் அந்த எட்டுக்கும் ஒவ்வொரு பாட்டு வீதம் வரிசையாகச் செய்தார். திருவாரூர் கமலாம்பாள் மேல் அவர் செய்த நவாவரண கீர்த்தனைகளில் முதல் எட்டு பாட்டுகள் எட்டு வேற்றுமையில் அமைய, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமையும் வரும். நவராத்திரி ஒன்பது நாளும் இன்றும் இவை பாடப்படுகின்றன. இலக்கண வகுப்பை இப்படி நடத்தியிருந்தால் நாமும் தூங்கியிருக்க மாட்டோம்.

கிரகங்கள் மீது அவர் செய்த பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு சீடரின் வயிற்றுவலி இருக்கிறது. தம்பியப்பன் என்ற அந்தச் சீடர் வலியால் துடித்தபோது, ஜாதகத்தில் குரு சரியில்லை என்று அறிந்து, அடாணா ராகத்தில் குரு பகவான் மேல் ஒரு பாட்டு எழுதிப் பாடச் சொன்னாராம். அப்படியே வாரத்தின் ஏழு நாளுக்கும், ஏழு தாளங்களில் பாட்டுகள் ஆயின. ராகு, கேது பாட்டுகள் அவர் செய்ததுதானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

தம்பியப்பன் கோயிலில் மத்தளம் வாசித்தவர். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் நட்டுவனார் குடும்பத்தினர். கமலம் என்ற சிஷ்யை திருவாரூர் கோயிலில் ஆடியவர். அந்தக் கால ஜாதிக் கட்டுப்பாட்டுக்கு நடுவே தீட்சிதரின் பாட்டு இவர்கள் குரலிலும் கையிலும் காலிலும்தான் பரவியது. சபா வரலாறுகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

வறுமையும் அவரை விடவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் கமலம் தன் நகையை அடகு வைத்துப் பொருள் வாங்கி வர முன்வந்ததாகவும், தீட்சிதர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை. அன்று சாயங்காலமே எங்கோ போக வேண்டிய மளிகை வண்டி அவர் வாசலுக்கு வந்ததாம். வண்டி வந்ததோ இல்லையோ, பசி நிஜம். 1799இல் தஞ்சை அரசு கம்பெனியின் கைக்குப் போன பிறகு, வித்வான்கள் பலர் ஆதரவு தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது.

எட்டயபுரத்தில் முடிந்த பயணம்

தம்பி பாலுசாமிக்கு எட்டயபுரம் ஜமீனில் ஆஸ்தான வித்வான் பதவி கிடைத்தது. அவரைப் பார்க்கத் தெற்கே நடந்தார் தீட்சிதர். வழியில் வறண்ட பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணியில் பாட, மழை கொட்டியது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கடைசியில் எட்டயபுரத்திலேயே தங்கினார். 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். சீடர்கள் மதுரை மீனாட்சி மேல் அவர் செய்த பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவரது சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் மறைந்து 47 வருஷம் கழித்து அதே ஊரில்தான் பாரதி பிறந்தார்.

பாட்டுகள் எப்படித் தப்பின?

அவர் காலத்தில் ஒலிப்பதிவு கிடையாது. பாட்டு என்பது சீடர் தொண்டையில் இருக்கும் வரைதான். தீட்சிதரின் கீர்த்தனைகள் காற்றோடு போயிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. காப்பாற்றியவர் பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர். குடும்பச் சொத்தை வெளியே கொடுப்பதில் முதலில் தயங்கினார். சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ இசை ஆர்வலர் விடாமல் வற்புறுத்தினார். எட்டயபுரம் ஜமீன் செலவை ஏற்றது. 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சாகி வந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு அதில் இருக்கின்றன. மேலே சொன்ன வாழ்க்கைக் கதைகளில் பலவும் அந்தப் புத்தகத்தில் சுப்பராமர் எழுதி வைத்த குறிப்புகளில் இருந்தும் பரம்பரைப் பேச்சில் இருந்தும் வந்தவைதான். தீட்சிதர் மறைந்து 69 வருஷம் கழித்து அச்சேறியவை என்பதால், அற்புதங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தும் படிக்கலாம். பிறகு சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டி.கே. பட்டம்மாள்.

புதிதாகக் கேட்பவர்கள் நோட்டுஸ்வரத்தில் தொடங்கலாம். ஒவ்வொன்றும் ரொம்பச் சின்னது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே நாலைந்து முடிந்துவிடும். பிறகு ஹம்சத்வனி. பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் அவர் ஆளுக்கொரு பாட்டு செய்திருக்கிறார். அதில் இரண்டு தலங்கள் வந்தவாசிக்காரர்களுக்கு ரொம்பப் பக்கம். ஒரு பக்கம் காஞ்சிபுரம், பைரவியில். இன்னொரு பக்கம் சொந்த மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை, சாரங்காவில், 'அருணாசலநாதம்'.