மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

நம்ம மலருக்கு பெரியவங்க யாராவது ஒருத்தரோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். அந்தப் பத்தாவதை வைத்துத்தான் என் கல்யாணத்துக்கு அரசாங்க உதவி கிடைத்தது. மனுவிலேயே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் இருந்தது. நம்மில் நிறைய பேர் அந்த உதவியை வாங்கியிருக்கோம். அந்த அம்மா யாருன்னு அன்னைக்கு நான் கேட்கலை.

மூவலூர் நம்ம ஸ்ரீமுஷ்ணத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை, மயிலாடுதுறை பக்கம். அம்மையார் 1883-ல் திருவாரூரில் பிறந்து மூவலூரில் வளர்ந்தவர். வளர்ந்தவர்னு சுலபமா எழுதிட்டேன். வறுமை தாங்காமல் அப்பா ஊரைவிட்டுப் போயிட்டார். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் பெற்ற தாயே பிள்ளையை ஒரு தாசி வீட்டில் கொடுத்துட்டுப் போனாங்க.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவாங்க. அப்புறம் அவங்களுக்குக் கல்யாணம் கிடையாது. நித்தியசுமங்கலின்னு சொல்லி, நல்ல காரியத்துக்குத் தாலிக்கு மணி கோர்க்க மட்டும் கூப்பிடுவாங்க. மறுநாள் அதே வாய் தாசின்னு ஏசும். அந்த வீட்டுக்குப் போய் வர்ற ஆம்பளைக்கு மைனர்னு பட்டம். அவன் ஒழுக்கத்தைப் பற்றி ஒருத்தரும் பேசலை.

இவருக்கும் ஒரு வயதானவரைப் பார்த்தாங்க. மாட்டேன்னுட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். தான் தப்பித்தால் போதும்னு இருக்கலை. தாசி வீடுகளுக்கே போய், பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாதீங்க, கல்யாணம் பண்ணி வையுங்கன்னு பேசினார். மேடையிலும் பேசினார். பொம்பளை மேடை ஏறுறதே வெட்கக்கேடு, அதிலும் இந்தப் பேச்சான்னு தூற்றினாங்க. ஒருமுறை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தப்போ கூந்தலையே அறுத்துட்டாங்க. ஒரு பொம்பளையை எங்கே தொட்டால் தலைகுனிவாள்னு பார்த்துச் செய்த வேலை அது. அவர் குனியலை.

காங்கிரஸில் இருந்தவர் பிறகு பெரியாரோடு சேர்ந்தார். 1936-ல் தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்னு ஒரு நாவல் எழுதினார். தலைப்பைப் பார்த்தாலே எங்க மாமியார் பிடுங்கி வச்சிடுவாங்க! மோசக்காரின்னு தாசிகளையே சொல்லணுமான்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அவங்களும் அகப்பட்டவங்கதானே. 1938-ல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் இவர் ஒருத்தர்தான் பெண். வயசு 55. அந்த வருஷமே சிறைக்கும் போனார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அதைக் கண்ணால் பார்த்துட்டு 1962-ல் காலமானார். திருமண உதவித் திட்டம் 1989-ல் அவர் பெயரில் வந்தது. 2022-லிருந்து அது கல்லூரிக்குப் போற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாக மாறியிருக்கு.

இதைப் படிச்சப்போ எங்க குழு ஞாபகம்தான் வந்தது. புருஷன் விட்டுட்டுப் போன ஒரு பொண்ணு குழுவில் சேரக் கேட்டாள். நடத்தை சரியில்லைன்னு தெருவில் பேச்சு. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஆறு மாதம் இழுத்தடிச்சோம். நானும் வாய் திறக்கலை. இப்போ எங்க கணக்கு நோட்டை எழுதுறதே அவள்தான். இந்தக் கட்டுரையை முதலில் அவளுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். தாசின்னு வர்ற இடத்தை எல்லாம் எடுத்துடலாமான்னு கேட்டேன். இருக்கட்டும் அக்கான்னு சொல்லிட்டாள்.