ஜோதி வழிபாடு தந்த வள்ளலார்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அவதரித்தவர் இராமலிங்க அடிகளார். இளமையில் சென்னையில், கண்ணாடியின் முன் தீபமேற்றித் தணிகை முருகனைத் தியானித்து வந்தார். கருங்குழியில் தங்கியிருந்தபோது, அடிகளார் வார்த்த தண்ணீரிலேயே விளக்கு எரிந்தது என்று அடியார்கள் போற்றுவர்.

ஏழைகளின் பசித்துயர் அவர் உள்ளத்தை உருக்கிற்று. ஆகவே 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவி அடுப்பை மூட்டினார். அது இன்றளவும் அணையாது எரிகின்றது. அதன் பின்னரே, 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் ஜோதி வழிபாட்டைத் தொடங்கினார். அங்கு ஏழு திரைகள் விலக ஜோதி தரிசனம் கிட்டும். 1874 தைப்பூசத்தையொட்டி, மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார்.

முதலில் அடுப்பு, பின்னரே தீபம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய முறை. தீபாராதனையைக் கண்களில் ஒற்றிக்கொள்ளும் மெய்யன்பர்களே, நம் அண்டை வீட்டு அடுப்பும் எரிகின்றதா என நோக்குவோமாக!