ராம பிரம்ம ஸன்யால்

நங்கநல்லூர்வாசிகளாகிய நாம் பழவந்தாங்கலில் ரயிலேறித் தெற்கே சென்றால் வண்டலூர் மிருகக்காட்சிசாலையைக் காணலாம். அங்கே புலியையும் சிங்கத்தையும் கண்டு வியக்கும் நாம், அவற்றைப் பேணுவோர் அத்தொழிலை எங்ஙனம் கற்றனர் என்று எண்ணுவதில்லை. அதனைக் கற்பிக்கும் நூலும் அரிதாயிருந்த காலத்தில், தாமே முயன்று கற்றுப் பிறர்க்கும் வழிகாட்டியவர் வங்காளத்து ராம பிரம்ம ஸன்யால் ஆவார்.

இவர் கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் பயின்று வருங்கால், கண்பார்வை குன்றியமையால் படிப்பைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் மனந்தளராது, பேராசிரியர் ஜார்ஜ் கிங் துரையின் உதவியால், 1876இல் திறக்கப்பெற்ற அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் சிறு வேலையில் அமர்ந்தார். பிராணிகளின் உணவு, உறையுள், நோய், ஈற்று ஆகியவற்றை இடைவிடாது நோக்கிக் குறித்து வந்தார். அக்குறிப்புகளே அவருக்கு ஆசானாயின. நாளடைவில் அச்சாலையின் தலைமைப் பதவியும் அவரை வந்தடைந்தது.

1889இல் அங்கே சுமத்திராக் காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. காப்பிடத்திலேயே கருவுற்று அவ்வினத்தில் மறுகன்று பிறந்தது 112 ஆண்டுகளுக்குப் பின்னர், 2001இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலேயாம். இதனின்றும் அச்செயலின் அருமை விளங்கும்.

தாம் அறிந்தவற்றைத் தம்மொடு மறையவிடாமல், 1892இல் விலங்குப் பராமரிப்பைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். 1908இல் காலமானார்.

கண்ணொளி குன்றியதால் கலாசாலையை விட்டவர், கூர்ந்து நோக்குதலாலேயே புகழெய்தினார். விரும்பிய படிப்புக் கிட்டாது வருந்தும் மாணவர் எவரேனும் நம்மிடை இருப்பின், இவர் சரித்திரத்தைச் சிந்திப்பாராக.