லண்டனுக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர்: சர் முத்து குமாரசுவாமி

வடமேற்கு லண்டனின் ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் பிக்கடில்லி ரயிலில் ஏறினால், இடையில் மாறாமலேயே ஹோபர்னில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் லிங்கன்ஸ் இன் வளாகம் உள்ளது. ரெய்னர்ஸ் லேனையும் அதைச் சூழ்ந்த ஹாரோ பகுதியையும் இன்று இருப்பிடமாகக் கொண்டுள்ள இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலானோர் 1983க்குப் பின்னர் வந்தவர்கள். ஆனால் அந்த வளாகத்தில் ஒரு யாழ்ப்பாண வம்சாவளியினர் 1863ஆம் ஆண்டிலேயே பாரிஸ்டராகிவிட்டார். அவர்தான் முத்து குமாரசுவாமி.

முத்துவின் தந்தை கேட் முதலியார் குமாரசுவாமி, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஆங்கில அரசின் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவர். 1835இல் இலங்கைச் சட்டசபையில் தமிழருக்கென நியமிக்கப்பட்ட உறுப்பினரானார். மறு ஆண்டே அவர் இறந்தபோது முத்து சிறு குழந்தை. பின்னாளில், 1862இல், அதே ஆசனம் முத்துவுக்குக் கிடைத்தது.

இங்கிலாந்தில் பாரிஸ்டராவது அக்காலத்தில் மதத்தோடும் பிணைந்திருந்தது. முத்துவுக்கு ஓராண்டு முன்னர் அதே லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரான வங்காளத்தின் ஞானேந்திரமோகன் தாகூர், கிறித்தவராக மாறியவர். முத்து மாறவில்லை. கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டரானது அதுவே முதல் முறை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

அதே ஆண்டில் அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக வெளியிட்டார். 1874இல் பௌத்த நூல்களான சுத்த நிபாதத்தையும் தாடாவம்சத்தையும் பாலியிலிருந்து மொழிபெயர்த்தார். சைவத் தமிழர் ஒருவர் சிங்கள பௌத்தர்கள் போற்றும் நூல்களை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார் என்பது, இலங்கையின் பிற்கால அரசியலை அறிந்தவர்களுக்குச் சற்றே வியப்பளிக்கக்கூடும். அவ்வாண்டிலேயே அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

இருப்பினும் அவரை இன்றைய அகதிகளின் முன்னோடி என்று சொல்வது பொருந்தாது. அவர் தஞ்சம் கோரி வரவில்லை. செல்வமும் செல்வாக்கும் அவரோடு கப்பலேறின. அவர் வகித்த பதவியும் மக்கள் வாக்களித்துப் பெற்றதன்று, ஆளுநரின் நியமனம். அவருக்குப் பின் 1879இல் அது சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதனுக்குச் சென்றது. ஒரு சமூகத்தின் குரல் ஒரே குடும்பத்துக்குள் சுழன்றதன் விளைவுகள் தனி ஆய்வுக்குரியவை.

கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் பீபியை முத்து மணந்தார். இந்து ஒருவர் ஆங்கிலப் பெண்ணை மணப்பது அன்று இரு தரப்பிலும் எளிதில் ஏற்கப்படாதது. 1877 ஆகஸ்ட் 22ஆம் தேதி கொழும்பில் மகன் ஆனந்தா பிறந்தார். பின்னர் தாயும் குழந்தையும் இங்கிலாந்து சென்றனர். முத்துவும் புறப்படவிருந்த நிலையில், 1879 மே 4ஆம் தேதி கொழும்பில் காலமானார். மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

எலிசபெத் இலங்கைக்குத் திரும்பி வாழவில்லை. மகனை இங்கிலாந்திலேயே வளர்த்தார். ஆனந்தா லண்டன் பல்கலைக்கழகத்தில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, இலங்கையில் கனிம ஆய்வுத் துறையை நடத்தி, பின்பு கலை வரலாற்றின்பால் திரும்பினார். முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர மறுத்த அவர், 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நடராஜர் வடிவத்தின் பொருளை மேற்குலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி, தந்தையின் முகம் நினைவில் இல்லாமலேயே வளர்ந்தவர். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதம் நகரில் அவர் இறந்தார்.