தடைகளோடு வாழ்ந்து உயர்ந்த பண்டிதமணி

பெருந்துன்பம் வரும்போது உற்றார் சூழ்ந்து நிற்பர். ஊரார் ஆறுதல் கூறுவர். நாள்தோறும் வரும் சிறு தடைகளுக்கோ அத்தகைய துணை கிட்டுவதில்லை. நினைத்த இடத்திற்கு நினைத்தவாறு செல்ல இயலாமை, விரும்பியதைக் கற்பிப்பார் இல்லாமை, தொடங்கியது பாதியில் நிற்றல் ஆகியன மனத்தைச் சிறிது சிறிதாக அரிப்பவை. இவற்றையெல்லாம் இளமை முதல் எதிர்கொண்டும் தம் பணியில் தளராத ஒருவர் செட்டிநாட்டிலே வாழ்ந்தார். அவரே பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார்.

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரை அடுத்த மகிபாலன்பட்டி அவருடைய ஊர். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் இதுவே என்பர். இவ்வூரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், முத்துக்கருப்பன் செட்டியாருக்கும் சிகப்பி ஆச்சிக்கும் மகனாகத் தோன்றினார். இளமையிலேயே இளம்பிள்ளைவாதத்தால் அவரது கால் ஒன்று வலுவிழந்தது. அன்று முதல் ஊன்றுகோல் அவருடைய துணையாயிற்று. திண்ணையிலிருந்து தெருவில் இறங்கவும் வண்டியில் ஏறவும் பிறர் எண்ணிப் பாராத முயற்சி அவருக்கு வேண்டியிருந்தது. இக்குறை ஒருநாள் வந்து மறுநாள் போவதன்று. ஒவ்வொரு நாளும் காலையில் அவரோடு எழுந்து வந்தது.

கல்வியிலும் தடையே முன்னின்றது. திண்ணைப் பள்ளியில் அவர் பயின்றது ஏழு மாதங்களே. நகரத்தார் குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் இளவயதிலேயே கடல் கடந்து சென்று, கடையில் பெட்டியடிப் பையனாக அமர்ந்து கணக்கு வழக்குகளைக் கற்பது அக்கால வழக்கம். கதிரேசரும் பதினொன்றாம் வயதில் வணிகத்தின் பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பெற்றார். சில ஆண்டுகளில் தந்தையார் மறைய, ஊர் திரும்ப நேர்ந்தது. பள்ளிப் படிப்பும் நிறைவுறவில்லை, வணிகமும் நிலைபெறவில்லை, உடலும் முழுமையாக உதவவில்லை. மனம் வெதும்பி மூலையில் அமர்வதற்கு இவை போதுமான காரணங்களே.

ஆயினும் அவர் தமக்கு இயலாதவற்றை எண்ணிக் காலத்தைப் போக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு, அது கற்றல். தமிழ் நூல்களைத் தாமே முயன்று பயின்றார். நூலைக் கையில் எடுத்தவர்க்கெல்லாம் பொருள் உடனே விளங்கிவிடுவதில்லை. ஆசிரியர் இன்றிப் பயில்வோர்க்கு இவ்விடர் மிகுதி. தனிமுயற்சியால் எட்டாதவற்றை அறிஞரை நாடிக் கேட்பதற்கு அவர் நாணவில்லை. சோழவந்தான் அரசஞ்சண்முகனாரிடம் இலக்கணம் கேட்டார். தருவை நாராயண சாஸ்திரியாரிடம் வடமொழி பயின்றார். பள்ளியில் விட்டுப்போன மாணவப் பருவத்தை வளர்ந்த பின்னர்த் தாமே மீட்டுக்கொண்டார் எனலாம்.

தமக்குக் கிட்டாத வாய்ப்பு, பின்வருவோர்க்கேனும் கிட்டவேண்டும் என்ற எண்ணம் அவரது செயல்களில் விளங்குகின்றது. 1909ஆம் ஆண்டில் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றியது. வள்ளல்கள் பொருளுதவி புரிய, அதனை வளர்த்ததில் இவர் பெரும்பங்கு கொண்டார். அச்சபையின் நிழலில் கணேசர் செந்தமிழ்க் கல்லூரி வளர்ந்து, பல தமிழாசிரியர்களை உருவாக்கியது.

அவர் ஆழ்ந்த சைவர். திருவாசகப் பகுதிகளுக்குக் கதிர்மணி விளக்கம் என்னும் உரை வரைந்தார். வடமொழியிலிருந்து பல நூல்களைத் தமிழாக்கினார். உதயணன் கதையைப் பெருங்கதை வாயிலாக அறிந்த நம்மவர்க்கு, இவரது உதயண சரிதம் மகிழ்வு தரும். சூத்திரகரின் நாடகத்தை மண்ணியல் சிறுதேர் என்னும் பெயரால் தந்தார். அந்நாடகத்தில், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்ட சிறுவன், தனக்கு வாய்த்த மண்தேரை வெறுத்து அழுகின்றான். நம் அன்றாட மனக்குறைகள் பலவும் அச்சிறுவனின் அழுகையைப் போன்றனவே. பிறர் கையிலுள்ளதைப் பார்க்கும்போதே நம் கையிலுள்ளது சிறிதாகத் தோன்றுகின்றது.

ஏழு மாதமே பள்ளியில் பயின்ற அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1942ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் பெற்றார். 1953ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மறைந்தார். காரைக்குடியில் வாழ்ந்த கவிஞர் முடியரசனார், அவரது வரலாற்றைக் காப்பியமாகப் பாடி, ஊன்றுகோல் என்றே பெயரிட்டார். குறையின் அடையாளமாக இருந்த கோல், ஒரு காப்பியத்தின் பெயராயிற்று.

அவரது கால் இறுதிவரை குணமடையவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது. தடை நீங்கிய பின்னர் வாழலாம் என்று அவர் காத்திருந்தால், காத்திருத்தலிலேயே வாழ்நாள் கழிந்திருக்கும். நம் இல்லங்களிலும் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகள், மூட்டு வலியால் வெளியே செல்ல இயலாத முதியோர், வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் உளர். அவர்களிடம் பொறுத்திரு என்று மட்டும் கூறுவது போதாது. இன்று, இருந்த இடத்தில், இருக்கும் வலிமையைக் கொண்டு செய்யத்தக்க பணி யாது என்று அவர்களுடன் அமர்ந்து ஆராய்வோம். மாற்ற இயலாததைத் தாங்கவும், இயன்றதை நாள்தோறும் செய்யவும் பழகுதலே பண்டிதமணியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் நெறியாகும்.